அன்று காலை வராதவர்கள்

அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எழுதுவது என் தொழில் இல்லை. நான் சென்டரிங் வேலை பார்க்கிறவன். கான்கிரீட் தளத்துக்குக் கீழே பலகை அடிப்பேன், முட்டுக் கொடுப்பேன், நாள் வந்ததும் பிரிப்பேன். அண்ணன் மகள் மீனாதான், "நீங்கதான் எழுதணும் சித்தப்பா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். எல்லாம் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

எழுத எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அண்ணன் இறந்த அன்று காலை கொல்கத்தாவில் இருக்கிற நம் சொந்தம் எல்லாம் வந்துவிட்டது. சங்கத்திலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. மதியமும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கட்டடத் தொழிலாளர் சங்கம் என்று ஓடிய மனிதர். பெரியவர்கள் சிலர் மனம் நொந்து பேசினார்கள். காரியத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இங்கே சொல்கிறேன். அதற்கு முதலிலிருந்து வரவேண்டும்.

அண்ணன் பிறந்தது கொல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், துறைமுகத்தில் இந்தி. அண்ணனுக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. திட்டுவது மட்டும் தமிழில். "யாருக்கும் புரியாது, யாருக்கும் கோபம் வராது" என்பார்.

ஒருநாள் மூட்டை சரிந்து அப்பாவின் இடுப்பு போனது. அண்ணன் பள்ளியை விட்டார். எதிர்த்தெருவில் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கம்பி கட்டும் கொக்கியை வாங்கிக்கொண்டு அதில் ஏறினார். நான் வளர்ந்ததும் என்னையும் அழைத்துப் போனார். கம்பி வேலை எனக்கு ஒத்துவரவில்லை. "உனக்கு மரம்தான்டா" என்று சென்டரிங்கில் சேர்த்துவிட்டார். அப்பாவுக்கு வைத்தியம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எனக்குக் கல்யாணம், எல்லாம் அந்தக் கொக்கியில்தான் நடந்தது. இதைச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. அதனால் இத்தோடு விடுகிறேன்.

அண்ணனைத் தெருவில் எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். அண்ணியின் அப்பா மாப்பிள்ளை பார்க்க ஊரிலிருந்து வந்தபோது இது தெரியாது. பேருந்திலிருந்து இறங்கி வீடு வரும்வரை டீக்கடை, இரும்புக்கடை, எல்லா இடத்திலும் "தாதா, தாதா" என்று கும்பிடு. அவர் முகம் வெளிறிவிட்டது. அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை என்ன தொழில் பண்றாரும்மா?"

"கம்பி கட்டுறான்."

"கம்பி எண்ணாம இருந்தா சரி" என்றாராம்.

அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் சிரிப்பார். பிற்காலத்தில் அந்தச் சிரிப்பு இருமலில் முடியும்.

சங்கம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மூங்கில் சாரம் முறிந்து முர்ஷிதாபாத்துக்காரர் ஒருவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஒப்பந்தக்காரர் ஒரு வண்டி கூட அனுப்பவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அங்கே டாலாய். மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆட்களுக்கு ஆத்திரம். ஊற்றும்போது பாதியில் நிறுத்துவோம், ஒப்பந்தக்காரர் வந்து காலில் விழட்டும் என்றார்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு வேணாம். இப்பவே நிறுத்துவோம்."

"நாளைக்குத்தானே தாதா அவன் மாட்டுவான்?"

"மாட்டுவான். ஆனா பாதியில விட்ட தளத்துக்குக் கீழ அவனா படுக்கப்போறான்? வேற எவனோ புள்ளகுட்டியோட படுப்பான்."

தளம் ஒரே நாளில் ஒரே மூச்சாக ஊற்றி முடிக்க வேண்டியது. நடுவில் நின்றால் முதலில் ஊற்றியது இறுகிவிடும். பிறகு ஊற்றுவது அதோடு சேராது. அந்த இடத்தில் ஒரு ஜாயின்ட் விழும். அங்கேதான் தண்ணீர் இறங்கும், துரு ஏறும், ஒருநாள் காரை கொட்டும். அதனால் அன்று சாயங்காலமே வேலையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் இறங்கி வந்தார். விழுந்தவருக்கு வைத்தியம், சாரத்தில் ஏறுகிறவர்களுக்குக் கயிறு, இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். அதன் பிறகுதான் டாலாய் நடந்தது. அன்று ஒன்றாக நின்ற நாங்கள்தான் பிறகு சங்கம் ஆனோம்.

அன்றிலிருந்து அது சங்கத்தின் கட்டுப்பாடு ஆனது. சண்டை டாலாய்க்கு முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். கலவையில் கை வைத்தபிறகு முடிக்காமல் கை எடுக்கக்கூடாது. எழுதி ஒட்டியதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் தனக்கும் விலக்கு வைத்துக்கொள்ளவில்லை. மீனா பிறந்த அன்று அண்ணன் டாலாயில் இருந்தார். அண்ணி வலியோடு ஆஸ்பத்திரியில். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "டாக்டர் இருக்காங்கல்ல? இன்னும் ஒரு மூலை இருக்கு" என்றார். முடித்துவிட்டு வந்தார். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். "அந்தக் கையோடயா? கழுவிட்டு வாய்யா" என்று நர்ஸம்மா விரட்டினார். அண்ணி இதை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லிக்காட்டாத வருடம் இல்லை.

இன்னொரு சம்பவமும் சொல்லவேண்டும். பின்னால் தேவைப்படும். நிமாய் என்று ஒரு கொத்தனார். நல்ல வேலைக்காரர், அண்ணன் மேல் உயிர். ஆனால் பயந்த சுபாவம். ஒரு வீட்டில் தளம் ஊற்றி, நாள் கணக்கு முடிந்து, நாங்கள் சென்டரிங்கைப் பிரித்தோம். எல்லா முட்டுகளையும் எடுத்தாயிற்று. நிமாய்க்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் அறையின் நடுவில் ஒரு முட்டுக் கம்பை இறுக்கி நிறுத்திவிட்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

நம் தொழிலில் பயத்தால் வருகிற தப்பு இதுதான். சுவருக்குச் சுவர் நிற்கிற தளத்தில், நடுவில் கம்பி அடிப்பக்கம் ஓடும். மேல்பக்கம் கம்பி சுவரோரத்தில்தான் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் விட்டால், தளத்தின் பாரம் அந்த ஒன்றின் மேல் வந்து ஏறும். அதற்கு நேர் மேலே கம்பி கிடையாது. அங்கே விரிசல் விடும். காப்பாற்ற வைத்த முட்டே உடைத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மேலே ஏறிப் பார்த்தார். தண்ணீர் தெளித்த தளத்தில் முடி மாதிரி ஒரு கோடு. கீழே இறங்கிவந்து அந்த முட்டுக் கம்பைப் பார்த்தார். நிமாயைப் பார்த்தார்.

"தளத்து மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நம்பிக்கை இருக்கு தாதா. பயமும் இருக்கு."

"எடுத்தா எல்லாத்தையும் எடு. இல்ல, எதையும் எடுக்காத."

அன்று முதல் அவருக்கு முட்டு நிமாய் என்று பெயர் நின்றுவிட்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

நகருக்கு வெளியே நியூ டவுன் எழும்பத் தொடங்கிய காலத்தில் சங்கமும் பெரிதானது. அங்கேதான் சந்தியாவைப் பார்த்தோம். கானிங் பக்கத்திலிருந்து முதல் ரயிலில் டாக்குரியா வந்து, அங்கிருந்து பேருந்தில் நியூ டவுன் வருகிற பெண். கான்கிரீட் சட்டி சுமப்பார். கணவர் இல்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. ஒருநாள் காலையில் சட்டி சுமக்கிற பெண்கள் எல்லோரையும் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காரவைத்தார். கழிப்பறை வந்தால் எழுந்திருப்போம் என்றார். அண்ணன் போனபோது அந்த அம்மா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு உக்காந்தீங்க?" என்றார் அண்ணன்.

"உங்களைக் கேட்டிருந்தா, ஆம்பளைங்க கூட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள மழைக்காலம் வந்திருக்கும் தாதா."

"நாளைக்கு இங்க டாலாய் தெரியுமா?"

"தெரியும். அதான் இன்னைக்கே உக்காந்தோம்."

 அண்ணன் ஒரு சட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் கழிப்பறை கட்டத் தகரம் வந்தது. வீடு திரும்பும்போது பேருந்தில் என்னிடம் சொன்னார்: "ஆள் கிடைச்சாச்சுடா." அப்போது எனக்குப் புரியவில்லை.

அண்ணனின் நெஞ்சு அப்போதே கெட ஆரம்பித்திருந்தது. பல வருடத் தூசி. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், இந்த அலைச்சலை விடாவிட்டால் அதிக நாள் இல்லை என்று. அண்ணி அழவில்லை. "எப்ப விடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றார்.

அவருக்கு இருந்த பயம் ஒன்றுதான். தான் செயலாளர் நாற்காலியிலிருந்து இறங்கினால் சங்கம் உடையும். கொத்தனார் ஒரு பக்கம், கம்பிக்காரர் ஒரு பக்கம், சென்டரிங்காரர் ஒரு பக்கம் என்று பிரிந்து போவார்கள், ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே விலை பேசுவார்கள் என்று. எங்கள் பயம் வேறு. இறங்காவிட்டால் அந்த நாற்காலியிலேயே போய்விடுவார் என்று. இரண்டு பயமும் ஒரே வீட்டில் இருந்தன. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

கடைசியில் ஒரு விஸ்வகர்மா பூஜை அன்று அண்ணன் இறங்கினார். அன்று எங்கள் கருவிகளையெல்லாம் சாமி முன்னால் வைப்போம். அன்று யாரும் வேலை செய்வதில்லை. மேலே வானம் முழுக்கப் பட்டம் பறந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் கொக்கியை வைத்தார். பூஜை முடிந்ததும் எல்லோரும் கருவியை எடுத்துக்கொண்டார்கள். அவர் எடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும். இனி சந்தியா செயலாளர்" என்றார். மூன்று பிரிவும் கூட்டத்தில் ஒத்துக்கொண்டதுதான். என்றாலும் கொத்தனார்கள் பக்கம் கை தட்டல் குறைவு. சட்டி சுமந்த பெண்பிள்ளை சொல்லி நாங்கள் கரணை எடுப்பதா என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. சந்தியா காதிலும் விழுந்தது. அந்த அம்மா அவருக்குத்தான் முதல் பிரசாதம் கொடுத்தார்.

அன்று அண்ணி பாயசம் வைத்தார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது அவசரப்பட்ட நிம்மதி.

மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போலச் சட்டை மாட்டினார். அண்ணி கேட்டார், "எங்க?"

"சும்மாதான். ஆபீஸ் வரைக்கும்."

சும்மாதான் என்று தினமும் போனார். சங்க ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே போகமாட்டார், தலையிடமாட்டார். அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். சந்தியா ஒன்று சொன்னால், வெளியே வந்து, "நீங்க என்ன சொல்றீங்க தாதா?" என்பார்கள். அண்ணன், "அந்தம்மா சொன்னதுதான்" என்பார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனையே போதும். தாதாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று நியூ டவுன் வரை செய்தி போய்விடும். இப்படியே ஒரு மழைக்காலம் போனது. சந்தியா பொறுத்துக்கொண்டார்.

பிறகு பெஹாலாவில் ஒரு டாலாய். மாடி ஓரத்தில் தடுப்பு கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று சந்தியா சொல்லியிருந்தார். காலையில் தடுப்பு கட்டினார்கள். சந்தியா நடந்து பார்த்து, சரி, தொடங்கலாம் என்றார். தொடங்கியாயிற்று. பாதித் தளம் போயிருக்கும். நிமாய்க்கு ஒரு மூலையில் தடுப்பு ஆடுவதுபோல் தோன்றியிருக்கிறது. சந்தியா பத்து அடி தூரத்தில் நிற்கிறார். அவரிடம் சொல்லாமல் அண்ணனுக்கு போன் போட்டார்.

அண்ணன் நாற்காலியில் இருந்தபடி, "கொஞ்சம் பொறு, நான் வந்து பாக்கிறேன்" என்றார். பழக்கத்தில் வந்த வார்த்தை. ஆயிரம் தடவை சொன்னதுதான்.

தாதா பொறுக்கச் சொன்னார் என்று நிமாய் கரணையைக் கீழே வைத்தார். கொத்தனார்கள் எல்லோரும் வைத்தார்கள். சந்தியா அந்த மூலைக்குப் போய்த் தடுப்பை இழுத்துக் காட்டினார். இறுக்கமாகத்தான் இருந்தது. "தாதா வரட்டும்" என்றார்கள். அண்ணன் கிளம்பினார். வழியில் பேருந்து நின்றுவிட்டது. இறங்கி நடந்தார், மூச்சு வாங்கியது, ஒரு கடையில் உட்கார்ந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊற்றிய பாதி இறுகிப்போய் ஓரம் வெளுத்துக் கிடந்தது.

சங்கம் தொடங்கிய பிறகு டாலாய் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. நிறுத்தியது அண்ணன்.

சந்தியா படியிறங்கி வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"தாதா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யார் செயலாளர்?"

 சந்தியா திரும்பி ஆட்களைப் பார்த்து, "ஓரத்தை வெட்டி எடுங்க. அடுத்த தூண் வரைக்கும் உடைச்சுப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை மறுபடி ஊத்துவோம். நிமாய், முதல் சம்மட்டி உங்களுது" என்றார். நிமாய் எடுத்தார். நானும் எடுத்தேன். அண்ணன் கீழே மணல் குவியல் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரோடு கிடர்பூர் ஆபீசுக்குப் போனேன். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. அண்ணனுக்கு எதிராக நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன்.

"நிமாய் மறுபடியும் நடுவுல ஒரு முட்டு வெச்சுட்டாருண்ணா."

"எங்கடா?"

"இங்கதான். இந்த நாற்காலியில."

அண்ணன் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தளத்தைப் பார்க்கிற மாதிரி ஆபீசின் உள்ளே பார்த்தார். சந்தியா உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"விரிசல் விட்டுடுச்சோ?" என்றார்.

"இன்னும் இல்ல. முடி மாதிரிதான்."

எழுந்தார். டீயைக் குடித்தார். அந்த நாற்காலியைத் தூக்கி டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். "யாராவது உக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வாசலை அண்ணன் மிதிக்கவில்லை.

கிடர்பூரில் இருந்தால் கால் தானாகப் போகும் என்று அவருக்கே தெரியும். மீனாவும் மாப்பிள்ளையும் டாக்குரியாவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கீழ்த்தள வீடு பார்த்து அண்ணனும் அண்ணியும் குடிபோனார்கள். பிறந்து வளர்ந்த இடத்தை அந்த வயதில் விட்டார். தூசி குறைந்தது. அங்கே இருக்கிற ஏரிப் பக்கம் காலையில் நடப்பார். முதலில் ஒரு பெஞ்சு வரை. பிறகு இரண்டாவது பெஞ்சு வரை. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார்.

போன் மட்டும் நிற்கவில்லை. அதற்கு அண்ணன் ஒரே ஒரு பதில் வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும், "சந்தியாகிட்ட சொன்னியா?" என்பார். நிமாய் நேரிலேயே வந்தார். கீழ்த்தளத்துக் கதவில் நின்று நீளமாக ஏதோ சொன்னார்.

"சந்தியாகிட்ட சொன்னியா?"

"அது இல்ல தாதா, விஷயம் என்னன்னா..."

"சந்தியாகிட்ட சொன்னியா?"

நிமாய் செருப்பைக் கழற்றினார். "சரி, டீ மட்டும் குடிச்சிட்டுப் போறேன்" என்றார். அண்ணி போட்டுக் கொடுத்தார். மெல்ல மெல்ல போன் குறைந்தது. பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது.

அந்த வருடங்களில் சங்கம் உடையவில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் கம்பிக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அவர்கள் அந்தப் பேச்சை நேரே சந்தியாவிடம் கொண்டுபோனார்கள். நியூ டவுனில் உயரமான கட்டடங்களுக்கு, ஆள் விழுந்தால் தாங்குகிற வலை கேட்டுப் பத்து நாள் உட்கார்ந்தார்கள். வலை வந்தது. இதை நான் போய் அண்ணனிடம் சொன்னேன். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"பத்து நாள்ல என்னை ஒருத்தனும் கேக்கலையா?"

"இல்ல."

"நிமாய் கூடவா?"

"நிமாய்தான் முதல் ஆளா உக்காந்தாரு."

"நல்லது" என்றார். எழுந்து நடக்கும்போது மறுபடியும், "நல்லதுடா" என்றார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அண்ணி சொன்னார். அண்ணன் வாழ்க்கையில் அவர் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் மாலை போட்டபோதுகூட இல்லை.

கடைசிக் குளிர்காலத்தில் நெஞ்சு மறுபடி பிடித்தது. ஆஸ்பத்திரியில் சில நாள், வீட்டில் சில நாள். பக்கத்தில் ஆக்சிஜன். பெரிய வேதனை இல்லை. ஒருநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டார். எனக்கு வருத்தம் இருந்தது. அதைவிட, இறங்கிய பிறகு போனார் என்ற ஆறுதல் பெரிதாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இல்லை. அண்ணிக்கும் அப்படித்தான்.

மீனா எல்லோருக்கும் சொன்னாள். சந்தியாவுக்கு நான் போன் செய்தேன். பின்னால் கான்கிரீட் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நியூ டவுனில் அன்று டாலாய். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பம்ப் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குள் பயம் வந்தது. நிறுத்திவிடுவாரோ என்று. தாதா போய்விட்டார், வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் கரணையை வீசிவிட்டு ஓடிவருவார்கள். அண்ணன் பேரால் இன்னொரு ஜாயின்ட் விழும். அல்லது, நிறுத்தலாமா என்று என்னைக் கேட்பாரோ என்றும் பயந்தேன். கேட்டால் நான் என்ன சொல்வது?

அவர் கேட்கவில்லை.

"முடிச்சிட்டு வரோம் சோட்தா" என்றார். சின்ன அண்ணா என்று அர்த்தம். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"வாங்க" என்றேன்.

இங்கே வீட்டில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தீர்கள். வாசலில் பெரியவர் ஒருவர், "இத்தனை வருஷம் உழைச்சாரு, ஒரு கொடி கூட வரலையே" என்றார். இன்னொருவர், "பதவியில இருக்கிறவரைக்கும்தான் எல்லாம்" என்றார்.  உள்ளேயிருந்து அண்ணி பதில் சொன்னார். உங்களில் சிலர் கேட்டிருக்கலாம்.

"வருவாங்க. ஊத்தி முடிச்சிட்டு வருவாங்க. என் பொண்ணு பொறந்தப்பவே முடிச்சிட்டுத்தான் வந்தாரு. அவர் ஆளுங்க மட்டும் பாதியில வருவாங்களா?"

சாயங்காலம்வரை எடுக்கவேண்டாம் என்று அண்ணிதான் சொன்னார். வெயில் சாய்ந்தபோது டாக்குரியாவின் அந்தச் சின்னத் தெருவில் லாரிகள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தலையில் சிமென்ட், புருவத்தில் சிமென்ட். குளிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. கொத்தனார், கம்பிக்காரர், சென்டரிங்காரர், சட்டி சுமக்கும் பெண்கள், எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். நிமாய் கதவருகில் நின்று தன் கைகளைப் பார்த்தார். "கழுவிட்டு வரட்டுமா அண்ணி?" என்றார். "அப்படியே வாங்க" என்றார் அண்ணி.

சந்தியா முன்னால் வந்தார். சங்க ஆபீசில் சாமி பக்கத்தில் இருந்த கொக்கியைக் கொண்டுவந்திருந்தார். அதை அண்ணன் கையருகே வைத்தார். குனிந்து, சத்தமில்லாமல் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"டாலாய் முடிஞ்சது தாதா. ஜாயின்ட் இல்ல."

பிறகு அவர்களே தூக்கினார்கள். நடு நடுவே தோள் மாற்றினார்கள். ஊர்வலம் எங்கும் நிற்கவில்லை. மயானத்தில் எல்லாம் முடியும்வரை இருந்து, கிடைத்த வண்டியில் திரும்பினார்கள். மறுநாள் அந்தத் தளத்துக்குத் தண்ணீர் கட்டவேண்டும்.

இதுதான் நடந்தது. தளம் இறுகி நின்ற பிறகு முட்டுகளை எடுத்தால், கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்ப்பான். சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பான். ஒன்றும் வராது. அந்த நிமிஷத்தில் வருகிற நிம்மதி எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று எனக்கு அது வந்தது. அண்ணனுக்கு அது ஏரிக்கரையிலேயே வந்துவிட்டது.

நன்றி சொல்லி முடிக்கிறேன். அண்ணன் மூச்சை மேலும் சில வருடம் நீட்டித் தந்த டாக்டரம்மாவுக்கு நன்றி. ஆக்சிஜன் தீர்ந்த நேரங்களில் எல்லாம் ஓடிய எங்கள் மாப்பிள்ளைக்கு நன்றி. கீழ்த்தள வீட்டைக் கொடுத்து, அண்ணிக்குக் கூடப்பிறந்தவர்போல் இருந்த மாடிவீட்டு அம்மாவுக்கு நன்றி. சாயங்காலம்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த உறவினர்கள் அனைவருக்கும் நன்றி. வருத்தப்பட்டவர்களுக்கும் நன்றி. அண்ணன் மேல் இருந்த பாசத்தால்தான் வருத்தப்பட்டீர்கள்.

சந்தியாவுக்கும், நிமாய்க்கும், சங்கத்தார் அனைவருக்கும் இந்த மலரைப் படித்துக் காட்டுவதாக மீனா சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு ஒன்று.

சாயங்காலம் வந்ததற்கு நன்றி. காலையில் வராமல் இருந்தீர்களே, அதற்கு அண்ணன் சார்பில் நன்றி.